ஓடிபி பயிற்சியின் முதல் வரியை மாற்றுங்கள்: நிரலாக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், லேப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பைத்தான் லேபில் மாணவர்கள் விரும்பிச் செய்யும் ஒரு பயிற்சி உண்டு: ஆறு இலக்க ஓடிபி உருவாக்குவது. முதல் வரியில் ‘ரேண்டம்’ மாட்யூலை இம்போர்ட் செய்ய வேண்டும். இரண்டாம் வரியில் ‘ரேண்டின்ட்’ ஃபங்ஷனுக்கு 100000, 999999 என்று இரு எல்லைகள். மூன்றாம் வரி பிரின்ட். திரையில் ஆறு இலக்கம் வந்தால் பயிற்சி முடிந்தது. ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் ஏறும், கையெழுத்து விழும். அந்த மாணவர் படிப்பு முடித்து ஒரு நிறுவனத்தில் பாஸ்வேர்டு ரீசெட் பக்கம் எழுத உட்காரும்போது, விரல் தானாக அதே மூன்று வரியைத்தான் தட்டும். முதலில் கற்றது அதுதானே.

அந்த மூன்று வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. சிறியதை முதலில் சொல்லிவிடுகிறோம். எல்லை 100000 இல் தொடங்குவதால், பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு லட்சம் எண்கள் எப்போதும் வராது. 10 லட்சம் வாய்ப்பு 9 லட்சமாகச் சுருங்குகிறது. இது பெரிய நட்டமில்லை. பெரிய பிழை முதல் வரியில் இருக்கிறது: ‘ரேண்டம்’ மாட்யூல் ரகசியத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பைத்தான் ஆவணத்திலேயே அந்த மாட்யூலைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. பயிற்சித் தாளுக்கு அந்த எச்சரிக்கை வந்து சேரவில்லை.

இதை உங்களிடம் எழுதக் காரணம், இந்தப் பிழையை வேறு யாராலும் எளிதில் பிடிக்க முடியாது என்பதுதான். வரிசைப்படுத்தும் நிரலில் தவறு இருந்தால் அவுட்புட் தவறாக வரும், டெஸ்ட் கேஸ் தோற்கும். ரேண்டம் எண்ணில் தவறு இருந்தால் எந்த டெஸ்ட் கேஸும் தோற்காது. நல்ல மூலத்திலிருந்து வந்த 482913 என்ற எண்ணும் மோசமான மூலத்திலிருந்து வந்த 482913 என்ற எண்ணும் பார்வைக்கு ஒன்றே. டெஸ்டிங் குழு பார்க்கும், வாடிக்கையாளர் பார்ப்பார், எல்லாம் சரியாக இருக்கும். எண் எங்கிருந்து வந்தது என்று நிரலின் அந்த வரியைப் படிப்பவருக்குத்தான் குற்றம் தெரியும். அப்படிப் படிக்கும் பழக்கம் லேபில் வர வேண்டும்.

புள்ளியியல் சோதனை இதற்கு உதவாதா என்று கேட்கலாம். கை-ஸ்கொயர் சோதனையும் அதன் வகையறாவும் பாடத்தில் இருக்கின்றன. அவை அளப்பது சமமாகப் பரவியிருக்கிறதா என்பதை. ரகசியத்துக்குத் தேவை, அடுத்தவரால் ஊகிக்க முடியாமல் இருப்பது. வகுப்பில் இதைக் காட்ட ஒரு வழி: 1, 2, 3 என்று வரிசையாக எண்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் (எந்தத் தரவையும் 256 பிட் எண்ணாகக் கலக்கித் தரும் முறை) கணக்கிட்டு ஒரே கோப்பில் தொடர்ச்சியாக எழுதச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை எந்தச் சோதனையில் போட்டாலும் நல்ல ரேண்டம் தரவு என்றே சொல்லும். ஆனால் செய்முறை தெரிந்த எவரும் அதன் கடைசி பைட் வரை எழுதிவிடலாம். சோதனையில் தோற்றால் மூலம் மோசம் என்று உறுதியாகச் சொல்லலாம். தேறினால் நல்லது என்று சொல்ல முடியாது.

பைத்தானின் ‘ரேண்டம்’ மாட்யூலுக்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர். மகோடோ மட்சுமோட்டோவும் டகுஜி நிஷிமுராவும் உருவாக்கியது. சிமுலேஷனுக்கு அருமையான கருவி: சுழற்சி நீளம் 2 இன் 19937 ஆம் அடுக்கு கழித்தல் 1, வேகமும் அதிகம். ஆனால் அதன் உள்நிலை என்பது 32 பிட் எண்கள் 624 மட்டுமே. வெளியே வரும் ஒவ்வொரு எண்ணும் உள்ளே இருக்கும் ஒரு எண்ணைத் திருப்பக்கூடிய முறையில் கலக்கியது. ஆகவே தொடர்ச்சியாக 624 முழு எண்கள் கிடைத்தால் கலக்கலை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிரித்து உள்நிலை முழுவதையும் எடுத்துவிடலாம். அதன்பின் வரும் எல்லா எண்களும் கையில். ஓடிபி போல வெட்டிச் சுருக்கிய எண்களாக இருந்தால் இன்னும் நிறைய எண்கள் வேண்டும், கணக்கும் கடினமாகும். ஆனாலும் அது தீர்க்கக்கூடிய கணக்குதான். தன் போனுக்கே ஓடிபி கேட்டுக் கேட்டு எண்களைச் சேர்க்கும் ஒருவர், அடுத்தவர் போனுக்குப் போகும் எண்ணைக் கணக்குப் போட வழி இருக்கக் கூடாது.

சி மொழி வகுப்பில் இதைவிட மோசமான பழக்கம் ஒன்று ஊறிப்போயிருக்கிறது: ‘எஸ்ராண்ட்’ ஃபங்ஷனுக்குள் ‘டைம்’ கொடுத்து விதைப்பது. விதை என்றால் ஆரம்ப எண். அது தெரிந்தால் அதன்பின் வரும் எல்லாம் தெரியும். ‘டைம்’ தருவது நொடிக் கணக்கு. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். எனவே எந்த நாளில் உருவானது என்று மட்டும் தெரிந்தால், 16 எழுத்துப் பாஸ்வேர்டானாலும் 64 எழுத்து டோக்கனானாலும் 86,400 சாத்தியங்கள்தான். ரீசெட் டோக்கன் (பாஸ்வேர்டு மாற்ற அனுப்பும் இணைப்பிலுள்ள ரகசிய எழுத்துத் தொடர்) என்றால் நாள் கூட வேண்டாம். சர்வர் தன் பதிலோடு அனுப்பும் ‘டேட்’ ஹெடரிலேயே நொடி வரை நேரம் இருக்கிறது. ஐந்தாறு முயற்சியில் முடிந்துவிடும். மில்லி நொடியில் விதைத்தால் நாளுக்கு 8.64 கோடி வரும். லேப் கணினிக்கு அது பெரிய எண் இல்லை.

இதை லேப் பயிற்சியாகவே கொடுக்கலாம். நீங்கள் ஏதோ ஒரு நாளின் நேரத்தால் விதைத்து 16 எழுத்துப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டையும், உருவாக்கிய நிரலையும், தேதியையும் மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். எந்த நொடியில் உருவானது என்பதை மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தேவை ஒரு லூப் மட்டுமே. ஒரே எச்சரிக்கை: ‘ராண்ட்’ ஃபங்ஷனின் உள்வேலை கம்பைலரோடு வரும் நூலகத்தைப் பொறுத்து மாறும். விண்டோஸில் உருவாக்கிய பாஸ்வேர்டை லினக்ஸில் தேடினால் கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் நூலகத்தில் ‘ராண்ட்’ தரும் உச்ச எண்ணே 32,767 தான். எல்லோரும் ஒரே கம்பைலரில் செய்யட்டும். நேர மண்டலமும் பாருங்கள்: ‘டைம்’ தருவது யுடிசி கணக்கு, நம் நள்ளிரவு அதில் முந்தைய நாள் மாலை 6.30.

ஜாவா வகுப்புக்கு இதைவிட அழகான பயிற்சி இருக்கிறது. ‘யுடில்’ தொகுப்பிலுள்ள ‘ரேண்டம்’ கிளாஸின் உள்நிலை 48 பிட். ஒவ்வொரு முறையும் அதை 25214903917 ஆல் பெருக்கி, 11 கூட்டி, கீழ் 48 பிட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. ‘நெக்ஸ்ட்இன்ட்’ கேட்டால் அந்த 48 இல் மேல் 32 பிட்டைத் தருகிறது. அப்படியென்றால் மறைந்திருப்பது கீழே உள்ள 16 பிட் மட்டும், அதாவது 65,536 சாத்தியம். மாணவருக்கு அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கொடுங்கள். முதல் எண்ணை 65,536 ஆல் பெருக்கி, அதோடு 0 முதல் 65,535 வரை ஒவ்வொன்றாகக் கூட்டி, மேற்சொன்ன பெருக்கல் கூட்டலை ஒரு தடவை செய்து, வரும் விடையின் மேல் 32 பிட் இரண்டாவது எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்திய இடத்திலிருந்து இன்னொரு படி போனால் மூன்றாவது எண். அதை மாணவர் முதலில் தாளில் எழுதிவைத்துவிட்டு, பிறகு நீங்கள் ஜாவாவை ஓட்டிக் காட்டுங்கள். வழக்கமாக இடறும் இடம் ஒன்றுதான்: ‘நெக்ஸ்ட்இன்ட்’ எதிர்ம எண்ணும் தரும். கணக்கில் போடும் முன் எதிர்ம எண்ணோடு 4294967296 ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரி நிரல். வெறும் இரண்டே எண்ணிலிருந்து மூன்றாவதைத் தானே சொல்லிவிட்ட மாணவருக்கு ‘செக்யூர்ரேண்டம்’ எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

டிஜிட்டல் கையொப்பம் நடத்தும் ஆசிரியர்களுக்குத் தனியாகச் சில வரிகள். இசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையின் பாடத்தில் ‘கே’ என்ற ரேண்டம் எண்ணை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு எண் இரண்டு முறை வந்துவிட்டால் தனிச்சாவி (கையொப்பமிடுபவரிடம் மட்டும் இருக்கும் ரகசிய எண்) வெளியே வந்துவிடும் என்பதைக் கரும்பலகையிலேயே காட்டலாம். அதிலுள்ள நீள்வட்ட வளைவுக் கணக்கு வேண்டாம், 101 ஆல் வகுத்த மீதிக் கணக்கு போதும்.

தனிச்சாவி 27 என்று வைத்துக்கொள்வோம். ‘கே’ 13. அதிலிருந்து வரும் வெளிப்படையான மதிப்பு ‘ஆர்’ 40 என்று எடுத்துக்கொள்வோம். கையொப்பத்தின் இரண்டாம் பகுதி ‘எஸ்’: செய்தியின் ஹேஷோடு ‘ஆர்’ பெருக்கல் சாவியைக் கூட்டி, ‘கே’ ஆல் வகுக்க வேண்டும். 40 × 27 இன் மீதி 70. முதல் செய்தியின் ஹேஷ் 15 என்றால் கூட்டல் 85. அதை 13 ஆல் வகுப்பது என்பது 101 இன் கணக்கில் 70 ஆல் பெருக்குவது, ஏனென்றால் 13 × 70 இன் மீதி 1. எனவே ‘எஸ்’ 92. இரண்டாம் செய்தியின் ஹேஷ் 50. அதே ‘கே’ போட்டால் ‘எஸ்’ 17. இப்போது எதிரி இடத்தில் நின்று பாருங்கள். அவருக்குத் தெரிந்தவை 15, 92, 50, 17, 40. இரண்டு கையொப்பத்திலும் ‘ஆர்’ 40 என்று இருப்பதைப் பார்த்ததுமே ‘கே’ ஒன்றுதான் என்று தெரிந்துவிடுகிறது. ஹேஷ்களின் வித்தியாசம் 15 − 50, மீதியில் 66. ‘எஸ்’களின் வித்தியாசம் 75. 66 ஐ 75 ஆல் வகுத்தால், 75 இன் தலைகீழி 66 ஆகையால், 66 × 66 = 4356, மீதி 13. ‘கே’ கிடைத்துவிட்டது. இனி 92 × 13 − 15 = 1181, மீதி 70; அதை 40 ஆல் வகுத்தால் 27. தனிச்சாவி.

சோனியின் ப்ளேஸ்டேஷன் 3 இல் நடந்தது இந்தக் கணக்குத்தான். கையொப்பங்களில் ‘கே’ மாறாமல் ஒரே எண்ணாக இருந்ததை 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் ஹேக்கர் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு எடுத்துக் காட்டியது. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் ‘செக்யூர்ரேண்டம்’ சரியாக விதைக்கப்படாத குறையால் சில பிட்காயின் வாலட்டுகளில் ‘ஆர்’ திரும்ப வந்து, பணம் திருடுபோனது. பெயரிலேயே ‘செக்யூர்’ இருந்தும் அடியில் விதை இல்லை. அதே 2013 இல் வெளியான ஆர்எஃப்சி 6979 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், ‘கே’ ஐச் சாவியிலிருந்தும் செய்தியிலிருந்தும் கணக்கிட்டே எடுக்கும் முறையைச் சொல்கிறது. எட்25519 கையொப்பமும் அப்படியே. கையொப்பமிடும்போது ரேண்டம் எண்ணே தேவைப்படாமல் செய்துவிடுவது நல்ல தீர்வு. பாடத்தில் இதற்கு அரைப் பக்கமாவது வேண்டும்.

டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பில் நடந்த நிகழ்வையும் நடத்த வேண்டும், அதுவும் விரிவாக. சாவி உருவாக்கவும் மறையாக்கவும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், விதைக்காகச் சேர்க்கும் தரவைக் கலக்கும் ஒரு வரி இருந்தது. அது ஆரம்ப மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தைத் தொடுகிறது என்று வால்கிரைண்ட் கருவி எச்சரித்தது. எச்சரிக்கையை நிறுத்த டெபியன் பதிப்பில் அந்த வரியை நீக்கினார்கள். நீக்கியதோடு உண்மையான விதைத் தரவும் கலக்கப்படாமல் போனது. மிஞ்சியது புராசஸ் எண் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் எண்) மட்டும். லினக்ஸில் அப்போது அதன் வழக்கமான உச்சம் 32,768. ஆகவே ஒரு கணினி வகைக்கும் ஒரு சாவி அளவுக்கும் அவ்வளவு சாவிகளே உருவாக முடிந்தது. 2006 செப்டம்பரில் நுழைந்த மாற்றம் 2008 மே 13 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 20 மாதம். அந்தக் காலம் முழுக்கச் சாவிகள் உருவாயின, எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) இணைந்தது, சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. சரிசெய்த பதிப்பை நிறுவினால் மட்டும் போதவில்லை. பழைய சாவி ஒவ்வொன்றையும் தேடி எடுத்து மாற்ற வேண்டியிருந்தது. வேறு கணினியில் நல்லபடியாக உருவான, அதே ‘கே’ வகைக் கையொப்பத்துக்கான டிஎஸ்ஏ சாவியும், பழுதான டெபியனில் ஒருமுறை கையொப்பமிடப் பயன்பட்டிருந்தால் கெட்டதாகவே கருதப்பட்டது. காரணம் மேலே சொன்ன ‘கே’.

சரி, நல்ல ரேண்டம் எங்கிருந்து வர வேண்டும்? இயங்குதளத்திடமிருந்து. வேறு எங்கிருந்தும் வேண்டாம். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), இன்டரப்ட் (வன்பொருள் அனுப்பும் குறுக்கீடு) வரும் நேர வேறுபாடு, சிப்பின் ‘ஆர்டிராண்ட்’ கட்டளை தருவது எனப் பலவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு விதையெடுத்து, சாச்சா20 என்ற மறையாக்க முறையில் வேண்டிய அளவு தரவு தருகிறது. பல மூலங்களைக் கலப்பதில் பொருள் இருக்கிறது: 2019 இல் வந்த சில ஏஎம்டி ரைசன் சிப்புகளில் ‘ஆர்டிராண்ட்’ எப்போதும் எல்லா பிட்டும் 1 ஆகவே தந்தது. அந்த ஒன்றை மட்டும் நம்பிய நிரல்கள் தடுமாறின.

பழைய நோட்ஸில், லினக்ஸ் ரேண்டம் தரவு தரும் இரு கோப்புகளில் ‘டெவ் ரேண்டம்’ உண்மையான ரேண்டம், ‘டெவ் யுரேண்டம்’ இரண்டாம் தரம், என்ட்ரோபி (ஊகிக்க முடியாத தன்மையின் அளவு) தீர்ந்துவிடும் என்றெல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். என்ட்ரோபி தொட்டித் தண்ணீர் அல்ல, மொள்ள மொள்ள வற்றுவதற்கு. ஊகிக்க முடியாத 256 பிட் ஒருமுறை சேர்ந்துவிட்டால், அதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய எவ்வளவும் எடுக்கலாம். 2020 இல் வந்த 5.6 கெர்னலிலிருந்து, தொடக்க விதை சேர்ந்தபின் ‘டெவ் ரேண்டம்’ காத்திருக்க வைப்பதில்லை. கவனிக்க வேண்டிய ஒரே தருணம் கணினி முதன்முறை பூட் ஆகும் அந்தச் சில நொடிகள். அப்போது ‘யுரேண்டம்’ கோப்பு விதை சேராமலே தரவு தந்துவிடக்கூடும். 2014 இல் 3.17 கெர்னலோடு வந்த ‘கெட்ரேண்டம்’ அழைப்பு விதை சேரும் வரை காத்திருந்து, பிறகே தருகிறது. சி மொழியில் கற்பிக்க வேண்டியது அதை.

அந்தச் சில நொடிகளின் விலை என்ன என்பதை 2012 இல் நதியா ஹெனிங்கரும் சக ஆய்வாளர்களும் அளந்தார்கள். இணையம் முழுவதையும் ஸ்கேன் செய்து ஆர்எஸ்ஏ சாவிகளை (ஒவ்வொன்றும் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல்) சேகரித்து, ஒன்றோடொன்று மீப்பெரு பொது வகுத்தி பார்த்தார்கள். டிஎல்எஸ் (இணையப் பக்கங்களின் பாதுகாப்பு இணைப்பு) சர்வர்களில் 0.50 சதவீதத்தின் தனிச்சாவி வெளியே வந்துவிட்டது. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகள். முதல் பூட்டிலேயே சாவி உருவாக்குபவை. விதை ஒன்றாக இருந்ததால் முதல் பகா எண் ஒன்றாக அமைந்தது. இரண்டாவது பகா எண்ணுக்குள் கொஞ்சம் என்ட்ரோபி வந்து அது மட்டும் வேறானது. பள்ளிக் கணக்கிலேயே காட்டலாம். இரண்டு பொதுச்சாவிகள் 3233, 4331. தனித்தனியாகக் காரணிப்படுத்துவது பெரிய எண்களில் நடக்காத காரியம். ஆனால் யூக்ளிட் முறையில் 4331 இலிருந்து 3233 போனால் 1098. 3233 இலிருந்து அதன் இரு மடங்கு போனால் 1037. 1098 இலிருந்து அது போனால் 61. 1037 ஐ 61 மீதியின்றி வகுக்கும். பொது வகுத்தி 61. முதல் சாவி 61 × 53, இரண்டாவது 61 × 71. இரண்டும் ஒரே நேரத்தில் உடைந்தன.

மொழிவாரியாக மாற்ற வேண்டியது அதிகமில்லை. பைத்தானில் 3.6 முதல் ‘சீக்ரெட்ஸ்’ மாட்யூல் இருக்கிறது. ஓடிபிக்கு ‘ரேண்ட்பிலோ’ ஃபங்ஷனிடம் 1000000 கொடுத்து, வரும் எண்ணை ஆறு இலக்கத்துக்கு முன்பூஜ்யம் நிரப்பி எழுத வேண்டும். ரீசெட் டோக்கனுக்கு ‘டோக்கன்_யுஆர்எல்சேஃப்’ ஃபங்ஷனிடம் 32 கொடுத்தால் 43 எழுத்து வரும். ஜாவாவில் ‘செக்யூர்ரேண்டம்’, அதுவும் நாமாக விதை எதுவும் கொடுக்காமல். பிஎச்பியில் 7 ஆம் பதிப்பிலிருந்து ‘ரேண்டம்_இன்ட்’, ‘ரேண்டம்_பைட்ஸ்’. ‘எம்டி_ராண்ட்’ கூடாது, ‘யூனிக்ஐடி’ வெறும் நேரம்தான். ஜாவாஸ்கிரிப்டில் ‘மேத்.ரேண்டம்’ கூடாது, ‘கிரிப்டோ’வின் ‘கெட்ரேண்டம்வேல்யூஸ்’ வேண்டும், ஒரே அழைப்பில் 65,536 பைட்டுக்கு மேல் கேட்டால் பிழை வரும். கோ மொழியில் ‘மேத்’ பாதையில் ஒரு ‘ராண்ட்’, ‘கிரிப்டோ’ பாதையில் ஒரு ‘ராண்ட்’. எடிட்டர் தானாக இம்போர்ட் சேர்க்கும்போது எது வந்தது என்று பாருங்கள். விண்டோஸில் ‘பிகிரிப்ட்ஜென்ரேண்டம்’. டோக்கன், சாவி எதுவானாலும் 16 பைட்டுக்குக் குறைய வேண்டாம்.

நல்ல பைட் கிடைத்தபின்னும் கெடுக்க ஓர் இடம் உண்டு: மீதி எடுப்பது. ஒரு பைட்டில் 256 மதிப்புகள். அதை 10 ஆல் வகுத்த மீதியை இலக்கமாக எடுத்தால், 256 பத்தால் மீதியின்றி வகுபடாததால், 0 முதல் 5 வரையிலான இலக்கங்களுக்கு 26 வழிகளும் 6 முதல் 9 வரை 25 வழிகளும் அமையும். 10 லட்சம் பைட் எடுத்து எண்ணச் சொல்லுங்கள்: முதல் ஆறு இலக்கங்கள் ஒவ்வொன்றும் 1,01,500 ஐ ஒட்டியும், மற்ற நான்கும் 97,600 ஐ ஒட்டியும் வரும். பார் சார்ட்டில் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியும். 62 எழுத்துகளிலிருந்து பாஸ்வேர்டு எடுக்கும்போது இன்னும் மோசம்: முதல் 8 எழுத்துகள் மற்றவற்றைவிட 25 சதவீதம் அதிகம் வரும். தீர்வு எளிது. இலக்கத்துக்கு 250 உம் அதற்கு மேலும் வரும் பைட்டை எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும், எழுத்துக்கு 248. ‘ரேண்ட்பிலோ’ போன்றவை இதை உள்ளேயே பார்த்துக்கொள்கின்றன. ஆகவே கையால் மீதி எடுக்காதே என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

ஐஓடி புராஜெக்டுகளைக் கட்டாயம் பாருங்கள். ஆர்டுயினோவில் எதுவும் இணைக்காத அனலாக் பின்னைப் படித்து அதை ‘ரேண்டம்சீட்’ ஆகக் கொடுப்பது வழக்கம். யூனோ போர்டின் அனலாக் வாசிப்பு 10 பிட், ஆக உச்சமாகப் பார்த்தாலும் 1,024 விதை. நடைமுறையில் அந்தப் பின் சில மதிப்புகளைச் சுற்றியே ஊசலாடும். விளக்கை மினுக்க அது போதும். கதவுப் பூட்டுக்குச் சாவி உருவாக்க ஆகாது. ஈஎஸ்பி32 இல் வன்பொருள் ரேண்டம் இருக்கிறது, ஆனால் வைஃபை அல்லது ப்ளூடூத் இயங்கும்போதோ, அதற்கான உள் இரைச்சல் மூலத்தை நிரலில் இயக்கிவிட்ட பிறகோதான் அதை நம்பலாம். ‘செட்அப்’ ஃபங்ஷனில் வைஃபையைத் தொடங்கும் முன்பே சாவி உருவாக்கும் நிரல் தவறு. வரிசையை மாற்றினாலே சரி.

உங்கள் லேபையும் ஒருமுறை சோதியுங்கள். 60 கணினிகளுக்கு ஒரே லினக்ஸ் இமேஜை (நிறுவிய இயங்குதளத்தின் முழு நகல்) குளோன் செய்திருந்தால், 60 இலும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவி ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கணினிகளில் சாவியின் கைரேகையை ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளையால் எடுத்து ஒப்பிட்டால் போதும். ஒன்றாக இருந்தால் ‘எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்’ என்று தொடங்கும் கோப்புகளை ஒவ்வொரு கணினியிலும் நீக்கிவிட்டு, அதே கட்டளையைப் பெரிய ‘ஏ’ தெரிவோடு ஓட்டுங்கள். விடுபட்ட சாவிகளைப் புதிதாக உருவாக்கிவிடும். அடுத்த இமேஜ் எடுக்கும் முன் அந்தக் கோப்புகளோடு சிஸ்டம்டியின் ‘ரேண்டம்-சீட்’ கோப்பையும் நீக்குங்கள், ‘மெஷின்-ஐடி’ கோப்பைக் காலியாக்குங்கள். இதையே ஒரு பயிற்சியாக மாணவர்களிடம் விட்டாலும் நல்லதே. மெய்நிகர் கணினியின் ஒரே ஸ்னாப்ஷாட்டை இரண்டு முறை எழுப்பினாலும் இதே சிக்கல்தான்: இரண்டும் ஒரே உள்நிலையிலிருந்து எழுகின்றன. புதிய கெர்னல்கள் இதை உணர்ந்து மறுபடி விதைத்துக்கொள்ளும். தன் நினைவகத்தில் ரேண்டம் பைட்டை முன்கூட்டியே எடுத்துவைத்திருக்கும் நிரலுக்கு அந்தச் செய்தி போகாது. ஆகவே எடுத்துச் சேமிக்காமல், வேண்டும்போது வேண்டிய அளவு கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும். ‘எக்ஸெப்ஷன் வந்தால் நிரல் நிற்கக் கூடாது’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். அதைப் பின்பற்றி, ‘ரேண்டம்_பைட்ஸ்’ பிழை தந்தால் ‘எம்டி_ராண்ட்’ எடுத்துக்கொள் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே நிரல் நிற்கத்தான் வேண்டும். சாவி இல்லாத நிரல் நின்றுபோனால் யாராவது வந்து பார்ப்பார்கள். போலிச் சாவியோடு ஓடும் நிரலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

‘ரேண்டம்’ மாட்யூலைத் தடை செய்யச் சொல்லவில்லை. டைஸ் விளையாட்டு, மான்டி கார்லோ, டேட்டா சயன்ஸில் 42 என்று விதைத்து எல்லோருக்கும் ஒரே விடை வரவைப்பது எல்லாம் அதன் வேலை. அங்கே திரும்ப வருவதுதான் சிறப்பு. ரகசியத்தில் அதே குணம் ஓட்டை. ஒரே மாட்யூலின் பெயரைச் சொல்லி இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்துவதால்தான் மாணவருக்கு வித்தியாசம் தெரியாமல் போகிறது.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவை. ஓடிபி, பாஸ்வேர்டு, டோக்கன் என்று எந்தப் பயிற்சி இருந்தாலும் அதில் ‘ரேண்டம்’ இருக்கும் இடத்தில் ‘சீக்ரெட்ஸ்’ போடுங்கள். சி, ஜாவா, பிஎச்பி கையேடுகளிலும் அதற்கு நேரானதை. மதிப்பெண் பிரிக்கும்போது அவுட்புட்டுக்கு உள்ளதில் பாதியையாவது மூலத்துக்கு ஒதுக்குங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்க ஒரு கேள்வி சேருங்கள்: இந்த எண் எங்கிருந்து வந்தது, அதை இன்னொருவர் கணக்கிட முடியுமா? ஜாவாவின் இரண்டு எண் பயிற்சியையோ, 86,400 நொடிப் பயிற்சியையோ ஒரு லேப் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். 101 கணக்கைத் தியரி வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். இதற்குப் புதிய கருவியோ, உரிமத் தொகையோ, இணைய இணைப்போ கூடத் தேவையில்லை. அடுத்த செமஸ்டருக்கான லேப் கையேடு அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு பக்கம் மாறினால் போதும்.

இப்படிக்கு,
மென்பொருள் பாதுகாப்பில் வேலை செய்யும் நிரலாளர்கள்